‘நெகட்டிவ்’ எண்டா என்ன?

நாங்கள் மூன்று பேரும் வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறோம். மருத்துவம் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி எண்டு கேட்டால், ஒண்டுமில்லை. ஒரு பிழை விட்டிருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

போன வருசம் எங்கட நண்பியின் அம்மாவுக்கு இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது முறை ஏற்றிய பிறகு காய்ச்சல். அன்ரிபயோட்டிக் கொடுத்தும் விடவில்லை, இருமலும் சேர்ந்தது. ஸ்கேனில் நுரையீரலில் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. “பங்கஸா இருக்கலாம்” எண்டு சொன்ன டொக்டர், சந்தேகத்திலேயே அதற்கான மருந்தையும் தொடங்கினார். எங்களுக்குத் தெரிந்த பங்கஸ், பாணில் படிகிற பூஞ்சணமும் கழுத்தில் வருகிற தேமலும்தான்.

பிறகுதான் விளங்கியது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சோடு உள்ளே எடுக்கிறோம். மக்கின இலை, பழைய வைக்கோல், ஈரச்சுவர் எண்டு எல்லா இடமும் அது இருக்கிறது. நல்ல உடம்பு அதைத் துடைத்துவிடும். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்த உடம்பில் அது நுரையீரலுக்குள்ளேயே வளரத் தொடங்கும். ஊசி குத்தித் துண்டெடுத்துப் பார்க்கலாம். ஆனால் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருக்கிற ஆளுக்கு இரத்தம் நிற்காமல் போகலாம். அதனால்தான் இரத்தப் பரிசோதனை. அந்தப் பூஞ்சணம் வளரும்போது தன் சுவரிலிருந்து கலக்டோமனன் என்ற ஒருவகைச் சர்க்கரையைக் கசியவிடும். அது இரத்தத்தில் இருக்கிறதா எண்டு தேடுவார்கள்.

இரத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல் தாண்டி கொழும்புக்குப் போனது. முடிவு வர நாட்கள் எடுத்தன. வந்த தாள் முழுக்க இங்கிலிஷ். டொக்டர் வர முதலே மாமா அதை எங்களிடம் நீட்டினார். “கம்பஸ் புள்ளயள்தானே, வாசிச்சுச் சொல்லுங்க.”

நெகட்டிவ் எண்டு இருந்தது. “பங்கஸ் இல்ல மாமா” எண்டோம்.

மாமிக்கு அன்றுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் காலை குளிசையை எடுக்க மாட்டேன் எண்டா. “இல்லாத வருத்தத்துக்கு என்னத்துக்கு மருந்து? வீட்ட போவம்.”

டொக்டர் ஏசவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சொன்னார்: நெகட்டிவ் எண்டா இந்தச் சோதனையில் பிடிபடவில்லை, அவ்வளவுதான். இது மருந்து தொடங்கிய பிறகு எடுத்த இரத்தம். மருந்தே அந்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கலாம். ஸ்கேன், காய்ச்சல், அணுக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேணும்.

மாமா வாவியில் வலை வீசுகிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாமியிடம் குளிசையை நீட்டினார். “வல வெறுமையா வந்தா வாவியில மீனில்ல எண்டு ஆரும் சொல்லுவாங்களா?”

அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தோம். 2015இல் வெளிவந்த ஒரு கொக்ரேன் மீளாய்வின் கணக்கு இது: எதிர்ப்புச் சக்தி குறைந்த 100 பேரில் 11 பேருக்கு இந்த நோய் இருந்தால், வழக்கமான அளவெல்லையில் சோதனை அவர்களில் 2 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 13 பேருக்கு இருக்கிறது எண்டு காட்டும். 2021இல் இந்தியாவில் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’யை இது பிடிக்கவே பிடிக்காது. பல பூஞ்சணங்களுக்குப் பொதுவான பீட்டா டி குளுக்கானைத் தேடும் வேறொரு சோதனையும் உண்டு. ஆனால் எந்தப் பூஞ்சணம் எண்டு அது சொல்லாது. அதற்காக இந்தச் சோதனைகள் வீண் எண்டில்லை. ஊசி குத்த ஏலாத உடம்பில் அவை தருகிற தடயம் பெரிசு. ஆனால் தீர்ப்பு அவை இல்லை.

மாமி இப்ப வீட்டில் இருக்கிறா. அடுத்த ஸ்கேனில் நிழல் சுருங்கியிருந்தது. குளிசையை நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நாங்கள் மூன்று பேரும் இன்னும் வாய்விட்டுப் பேசியதில்லை.

மொழிபெயர்ப்புப் பாடத்தில் எங்களுக்கு நல்ல புள்ளி. ஆனால் ஒரு சொல்லைச் சரியாக மாற்றத் தெரியவில்லை. இப்ப ஆராவது ரிப்போர்ட்டோடு வந்தால், “இதில பிடிபடல்ல, மிச்சத்த டொக்டரிட்டக் கேளுங்க” எண்டுதான் சொல்கிறோம். அந்தத் தாளின் அடியில் தமிழில் இதே ஒரு வரி இருந்திருந்தால், மாமா எங்களிடம் வந்திருக்கவே தேவையில்லை.