இடைவெளி விட்டுப் பேசியவர்கள்

‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தை நேசிப்பவர்களிடம் பிடித்த காட்சி எது என்று கேட்டால், சிலர் மலைபோல் எழும் அலையைச் சொல்வார்கள். சிலர் கட்டுப்பாடின்றிச் சுழலும் கப்பலோடு விண்கலத்தைக் கொண்டுபோய் இணைக்கும் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு, கதைநாயகனான விண்வெளி வீரன் கூப்பர் உட்கார்ந்து செய்தி பார்க்கும் காட்சிதான். கருந்துளைக்கு அருகே, எங்கும் நீராக இருக்கும் கிரகத்தில் இறங்கி, சில மணி நேரத்தில் கப்பலுக்குத் திரும்புகிறான். அதற்குள் வெளியே 23 ஆண்டுகள், 4 மாதங்கள், 8 நாட்கள் ஓடிவிட்டன. பூமியிலிருந்து வந்து குவிந்திருக்கும் காணொளிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். மகன் டாம் பள்ளி முடிக்கிறான், ஒரு பெண்ணை அறிமுகப்படுத்துகிறான், அப்பா ஆகிறான், தாத்தா போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறான். கடைசியில், இனி நீங்கள் இதைக் கேட்கப்போவதில்லை என்று முடிவுகட்டி விடைபெற்றுக்கொள்கிறான். செய்தி வரும், போகாது. அதனால் கூப்பரால் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொல்ல முடியாது.

இருட்டில் ஒளிரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தன்னைப் பார்க்காத மனிதர்களைப் பார்த்து அழுகிறான் அவன். அரங்கில் நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். இந்தப் படத்தைத் திரையரங்கில்தான் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் திரையின் அளவு மட்டுமல்ல. வீட்டில் பார்க்கும்போது நிறுத்தலாம், தள்ளிப் பார்க்கலாம், தாங்கவில்லையென்றால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். காலத்தை நிறுத்த முடியாது என்பதே கதை. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கதையின் உயிரே போய்விடுகிறது. 169 நிமிடங்களையும் அரங்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் அந்த 23 ஆண்டுகள் நம் மீதும் ஏறும்.

2014 நவம்பரில் வெளியான படம். பத்தாம் ஆண்டையொட்டி 2024 டிசம்பரில் அமெரிக்கத் திரைகளுக்கு மறுபடி வந்தது. இங்கே அந்த வாரம் ஐமேக்ஸ் திரைகள் வேறொரு பெரிய படத்துக்குப் போய்விட்டதால் 2025 பிப்ரவரி 7 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வந்த வேகத்தில் சென்னையில் காலைக்காட்சிகூட நிறைந்தது. ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். கேட்டவர்கள் பலர் என்பதால் மார்ச் 14 அன்று திரும்பவும் போட்டார்கள். நான் பிப்ரவரியில் அக்கா மகனை அழைத்துக்கொண்டு போனேன். பொறியியல் படிக்கிறான். படம் முதலில் வந்தபோது சின்னப் பையன். அதன் பிறகு கைபேசியில் பார்த்திருக்கிறான், மனப்பாடமாகவே பார்த்திருக்கிறான்.

எங்கள் அப்பா சவுதியில் வேலை பார்த்தவர். சிவகங்கைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. தொலைபேசி எட்டாத விலை. கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது. அதனால் டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, காலி கேசட்டில் பேசுவோம். ஊரிலிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்தனுப்புவோம். நாங்கள் பிள்ளைகள் மதிப்பெண்ணைச் சொல்வோம், வேண்டிய சாமான்களின் பட்டியலைச் சொல்வோம், ஓடிவிடுவோம். அப்பத்தா மட்டும் வேறு மாதிரி. “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்பார். கேட்டுவிட்டு நிறுத்துவார். பதில் சொல்ல ஆகும் நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஒடம்பப் பாத்துக்க” என்று அடுத்ததற்குப் போவார். நாடா வெறுமனே ஓடுகிறதே என்று நாங்கள் சிரிப்போம். அப்பா ஊர் திரும்பிப் பல காலம் கழித்து ஒருநாள் சொன்னார்: “ஆத்தா விடுற அந்த எடத்துல நான் ‘சாப்பிட்டேன் ஆத்தா’ன்னு சொல்லிருவேன்.”

2014-இல் கூப்பர் செய்தி பார்க்கும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது சார்பியல் கோட்பாடு எவ்வளவு அழகாகக் கதையாகியிருக்கிறது என்றுதான் வியந்தேன். அப்போது அப்பா இருந்தார். இந்த முறை, டாம் ஒவ்வொரு செய்தியையும் முடித்துவிட்டு அணைப்பதற்கு முன் ஒரு கணம் திரையைப் பார்க்கிறானே, அந்த ஒரு கணம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே அப்பத்தாவின் நாடா ஓடிக்கொண்டிருந்தது.

நீர்க்கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டு. அப்படியானால் ஒரு நொடி ஏறக்குறைய 17 மணி நேரம். ஹான்ஸ் ஸிம்மர் அங்கே வைத்திருக்கும் இசையில் கடிகாரம்போல் ஒரு தட்டு விழுந்துகொண்டே இருக்கும், சுமார் ஒன்றேகால் நொடிக்கு ஒருமுறை. ரசிகர்கள் கணக்குப் போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பூமியில் கிட்டத்தட்ட ஒரு நாள் கழிகிறது என்று கண்டுபிடித்தார்கள். பெருக்கிப் பார்த்தால் 21 மணி நேரம் சொச்சம் வருகிறது. இசையமைப்பாளர் இதை நினைத்துத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அரங்கில் அந்தத் தட்டு எல்லாத் திசையிலிருந்தும் வரும்போது, அந்தக் கணக்கு தெரிந்தவன் இருக்கையில் நிம்மதியாக உட்கார முடியாது. ஒரு பேராசை, ஒரு தயக்கம், ஈரமான இயந்திரம் காய்வதற்கான காத்திருப்பு என்று திரையில் நிமிடங்கள் கரையக் கரைய, அங்கே பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

பின்னாலிருக்கும் மலை மலையல்ல, அலை என்று தெரியும் இடத்தில் அக்கா மகன் என் கையைப் பிடித்தான். வெளியே வந்ததும் முதலில் சொன்னதும் அதைத்தான்: “மாமா, போன்ல அந்த அலை சின்னதா இருந்துச்சு.” இயக்குநர் நோலன் இந்தப் படத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலான காட்சிகளை ஐமேக்ஸ் படச்சுருளிலேயே எடுத்தார். நம் ஊர் டிஜிட்டல் ஐமேக்ஸில் அந்தச் சட்டத்தின் முழு உயரம் கிடைக்காது என்ற குறை உண்டு. இருந்தும், கண் கீழிருந்து மேலே ஏறி ஏறிப் போக வேண்டியிருந்தது. ஏறும் நேரம்தான் பயம்.

இசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது என்ன வகைப் படம் என்பதையே சொல்லாமல், தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, இசை தரச் சொன்னார் நோலன். ஸிம்மர் ஒரே நாளில் ஒரு மெட்டைப் போட்டுக் கொடுத்தார். பிறகு லண்டன் டெம்பிள் தேவாலயத்தின் பெரிய ஆர்கனில், ரோஜர் சேயர் வாசிக்க, பதிவு நடந்தது. குழாயில் காற்று புகுந்தால்தான் ஆர்கன் பேசும், காற்று நின்றால் ஊமை. மூச்சுக்காற்றை முதுகில் சுமந்துகொண்டு திரியும் மனிதர்களின் கதைக்கு மூச்சுவிடும் வாத்தியத்தைத் தேர்ந்ததில் எவ்வளவு பொருத்தம்! அதன் அடிக்குரலைக் கைபேசியின் ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாது. அரங்கில் அது காதுக்கு வருவதற்கு முன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடுகிறது. அதற்கு நேரெதிராக, இன்னொரு விண்வெளி வீரரான டாக்டர் மேன் அவசரப்பட்டுக் கப்பலின் கதவைத் திறக்கும்போது எழும் வெடிப்பை வெளியிலிருந்து ஒலியே இல்லாமல் காட்டுகிறார்கள். வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது என்று எட்டாம் வகுப்பில் படித்ததை அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அனுபவித்தோம். அதுவரை விசிலடித்த கூட்டம்! ஆரம்பத்தில் சோளக்காட்டுக்கு மேல் இந்திய விமானப்படையின் ஆளில்லா விமானம் பறந்தபோது கூரை அதிரக் கத்தியவர்கள், இப்போது மூச்சுக் காட்டவில்லை.

கார்கான்டுவா என்ற அந்தக் கருந்துளையைப் பற்றித் தமிழ் வாசகர் பெருமையோடு நினைத்துக்கொள்ள ஓர் இழை இருக்கிறது. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்குதான், ஓர் அளவுக்கு மேல் கனத்த நட்சத்திரம் அமைதியாக அணைந்துபோக முடியாது என்று காட்டியது. அந்தப் பாதையில் பின்னால் வந்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் கிப் தோர்ன். இந்தப் படத்துக்காக அவர் எழுதிக்கொடுத்த சமன்பாடுகளை வைத்துத்தான் ஒளி வளைந்து வரும் பாதையைக் கணினியில் வரைந்தார்கள். சில சட்டங்கள் உருவாக 100 மணி நேரம்வரை ஆயின. தட்டையான ஒளிவட்டம் கருந்துளைக்கு மேலும் கீழும் வளைந்து தெரிவது ஓவியரின் கற்பனையல்ல, பின்னாலிருக்கும் ஒளியை ஈர்ப்பு நம் கண்ணுக்குக் கொண்டுவருவது. தோர்னுக்கு நோபல் பரிசு 2017-இல் கிடைத்தது. கருந்துளையின் முதல் நிழற்படம் 2019 ஏப்ரலில் வெளியானது. எங்கள் வரிசையில் இருந்த பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். நாங்களோ நிழற்படம் வருவதற்கு முன்பே நோலனின் திரையில் கருந்துளையைக் கண்டவர்கள்.

தெரிந்த படத்தைத் திரும்பப் பார்ப்பதில் வேறொரு லாபமும் உண்டு. படத்தின் முதல் குரலே ஒரு கிழவியின் குரல், தன் அப்பா ஒரு விவசாயி என்கிறது. முதல் முறை பார்ப்பவருக்கு அது யாரோ ஒரு பாட்டி. நமக்கு அவர் யார் என்று தெரியும். கூப்பரின் மகளான பத்து வயது மர்ஃப் வருவதற்கு முன்பே முதிய மர்ஃப் பேசிவிடுகிறாள். அவளோடு புழுதியைப் பற்றிப் பேசும் மற்ற முதியவர்கள் 1930-களின் அமெரிக்கப் புழுதிப்புயலில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள், கென் பர்ன்ஸின் ஆவணப்படத்துக்காகப் பேசியவர்கள். எதிர்காலக் கதையை நடந்துமுடிந்த பஞ்சத்தின் சாட்சிகளை வைத்துத் தொடங்குவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இவ்வளவு நேசித்தும் எனக்கு ஒரு மனக்குறை தீரவில்லை. டாமுக்கு இந்தப் படம் நியாயம் செய்யவில்லை. அப்பா மீது கோபித்துக்கொண்டு மர்ஃப் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கிறாள். விடாமல் பேசியவன் டாம். கேட்கிறார்களா என்று தெரியாமலே, வருடா வருடம், நல்லதையும் கெட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். கடைசியில் கூப்பர் திரும்பி வந்து கண்விழித்ததும் தேடுவது மகளை மட்டுமே. மகன் என்ன ஆனான் என்று ஒரு கேள்வி இல்லை. அன்பும் ஒரு பரிமாணம் என்று கூப்பரின் சக வீராங்கனை பிராண்ட் பேசும் நீளமான வசனம் பெரிய திரையிலும் தேறவில்லை. அதில் பாதியை வெட்டிவிட்டு, டாம் பெயரை ஒருமுறை கூப்பர் வாயில் வரவைத்திருந்தால் அன்பைப் பற்றி அதைவிடச் சிறப்பாகச் சொன்னதாக இருந்திருக்கும்.

பழைய படத்தைத் திரும்பத் திரையிடுவது நமக்குப் புதிதல்ல. கீற்றுக்கொட்டகைகள் அதில்தான் பிழைத்தன. 2012-இல் ‘கர்ணன்’ புதுப்பொலிவோடு வந்தபோதும் 2024-இல் ‘கில்லி’ வந்தபோதும் அரங்குகள் நிறைந்தன. அந்தக் கதவை அறிவியல் புனைவுக்கும் திறந்துவிடுங்கள் என்று விநியோகஸ்தர்களையும் திரையரங்கு நடத்துபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யும் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படமும் இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெரிய திரையில் கிடைத்திருக்கும்? வேற்றுக்கிரகவாசிகளை 1963-லேயே தமிழில் கொண்டுவந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யையும் ஒரு வாரம் போடலாமே. ரசிகர் மன்றத்தின் பிறந்தநாள் காட்சிக்குக் காத்திருக்காமல், ஆண்டுதோறும் ஒரு வாரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. ‘இன்டர்ஸ்டெல்லார்’ மறுபடி வந்தால், வீட்டில் பார்த்த படம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இதுவரை பார்க்காத பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். பெயர்கள் ஓடி முடிந்து விளக்குப் போடும்வரை எழுந்திருக்காதீர்கள்.