ஆலங்காட்டு வழியில் குருத்துவம் பற்றிய ஒரு சிந்தனை

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும் திருவாலங்காடு என்னும் சிறிய நிலையம் எதிர்ப்படும். ஊர் அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்துள்ளது. வடமேற்கே முருகனின் படைவீடுகளுள் ஒன்றாகிய திருத்தணிகை மலை. அதற்கப்பால் ஆந்திர நாட்டின் எல்லை. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணி வட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான். ஆகவே இப்பகுதியின் சந்தைகளிலும் பேருந்துகளிலும் தமிழும் தெலுங்கும் உடன்பிறந்தாரைப்போல் ஒன்றாக உலவுவதைக் கேட்கலாம்.

பெயருக்கேற்ப முன்னாளில் ஆலமரக் காடாக இருந்த இடம் இது. இங்குக் கோயில் கொண்டுள்ள இறைவனுக்கு வடாரண்யேசுவரர் என்று பெயர். வடமொழியில் அதன் பொருளும் ஆலங்காட்டு இறைவன் என்பதே. இறைவிக்கு வண்டார்குழலி என்பது பெயர். ஆடவல்லானுக்குரிய ஐந்து சபைகளாகச் சைவர் போற்றும் தில்லைப் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், நெல்லைத் தாமிர சபை, குற்றாலச் சித்திர சபை ஆகியவற்றோடு வைத்து எண்ணப்படும் இரத்தின சபை இங்கேதான் உள்ளது. காளியோடு நிகழ்ந்த ஆடற்போட்டியில் இறைவன் காலை உயரத் தூக்கி ஆடினார் என்பது தலவரலாறு.

கத்தோலிக்கக் குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் சைவத் தலம் ஒன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசக நேயர்கள் வினவலாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28இல் அறிக்கையிட்டது. அது ஒரு காரணம். மற்றொன்று, ஒரு சொல். இக்கோயிலின் கருவறையில் வழிபாடு நடத்துவோரை மக்கள் ‘குருக்கள்’ என்று அழைக்கின்றனர். நம் பங்குகளிலும் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றுவோரைக் குருக்கள் என்றே அழைக்கிறோம். ஒரே சொல் இரு வாயில்களிலும் வழங்குகிறது. அச்சொல்லால் நாம் எதைக் குறிக்கிறோம்? இதனைத் தெளிந்துகொள்ளத் திருவாலங்காடு தக்க இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொல் நம்மிடம் வந்த வழியை முதலில் காண்போம். போர்த்துக்கீசியர் தம் மொழியில் ‘தந்தை’ என்று அழைத்ததே தமிழரின் நாவில் ‘பாதிரி’ ஆயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அந்நிய மணம் வீசிய அப்பெயரை விட்டுத் துறவியின் கோலம் பூண்டு, ஆசானாகவே மக்கள்முன் நின்றார். தத்துவ போதகர் என்று தமிழகம் அவரை அறியும். 1640ஐ ஒட்டி, சைவப் பண்டாரங்களைப்போல் வாழ்ந்து, தாழ்த்தப்பட்ட மக்களிடம் தடையின்றிச் செல்லும் ‘பண்டார சுவாமி’கள் தோன்றினர். 1693 பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை கொய்யப்பட்டு மறைசாட்சியான அருளானந்தர் அவ்வழி வந்தவரே. சுவாமியார், கோயில், தேர், பூசை ஆகிய சொற்களெல்லாம் இவ்வாறு நம் இல்லங்களிலும் புழங்கலாயின. திருப்பலியைப் ‘பூசை’ என்று சொல்லும் முதியோர் இன்றும் நம்மிடையே உண்டு.

சொல் தமிழ் மண்ணினது. பொருள் எங்கிருந்து வந்தது? விவிலியத்தைத் திறப்போம். பழைய உடன்படிக்கையில் குருத்துவம் பிறப்பினால் வருவது. லேவியின் குலத்தில், ஆரோனின் வழியில் பிறந்தவனே பீடத்தை அணுகலாம். எருசலேம் ஆலயத்தின் உட்கூடத்தில் குருக்கள் மட்டுமே நுழைந்தனர். திருத்தூயகத்திலோ தலைமைக் குரு மட்டும், அதுவும் ஆண்டுக்கொரு நாள். கருவறையும் அர்த்த மண்டபமும் எவை என்று அறிந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நம் ஆண்டவர் இயேசு எக்குலத்தில் பிறந்தார்? யூதாவின் குலத்தில். அச்சட்டத்தின்படி அவர் குரு அல்லர். தாம் ‘என் தந்தையின் இல்லம்’ என்று அழைத்த ஆலயத்தின் தூயகத்தில் காலடி வைக்கவும் அவருக்கு உரிமை இருந்ததில்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இதனை மறைக்காமல் எடுத்துச் சொல்கிறது. அப்படியாயின் அவர் எவ்வகையில் குரு? மெல்கிசதேக்கின் முறைமைப்படி என்கிறது அத்திருமுகம். அப்பமும் இரசமும் கொண்டு ஆபிரகாமை எதிர்கொண்ட அந்தச் சாலேம் மன்னனின் குலமோ பெற்றோரோ விவிலியத்தில் சொல்லப்படவில்லை. பிறப்பு வழி வராத குருத்துவம் அது. மற்றக் குருக்கள் பிறிதோர் உயிரைப் பலியிட்டனர். கிறிஸ்துவோ தம்மையே ஒரே முறை பலியாக்கினார். பலியிடுபவரும் பலியும் ஒருவரே ஆனபோது பழைய வரிசை முடிவுற்றது.

இங்கே பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பலியிடும் குருவைக் குறிக்கும் சொல் ‘ஹியெரெயூஸ்’ என்பது. அச்சொல் எருசலேமின் குருக்களுக்கு வழங்கப்படுகிறது, கிறிஸ்துவுக்கு வழங்கப்படுகிறது, விசுவாசிகள் அனைவருக்கும் சேர்த்தும் வழங்கப்படுகிறது. ஆனால் திருத்தூதர்களுள் ஒருவரையோ, அவர்கள் ஏற்படுத்திய சபைத் தலைவர்களுள் ஒருவரையோ அது தனியே குறிப்பதில்லை. அத்தலைவர்களுக்கு வழங்கிய பெயர்கள் ‘எப்பிஸ்கோப்போஸ்’, அதாவது கண்காணிப்பவர். ‘பிரெஸ்பிட்டெரோஸ்’, அதாவது மூப்பர். ‘தியாக்கோனோஸ்’, அதாவது பணியாளர். ஆங்கிலத்தில் குருவைக் குறிக்கும் சொல்லே மூப்பர் என்னும் சொல்லின் திரிபுதான். நம் முன்னோர் சின்னப்பர் என்று போற்றிய புனித பவுல் மட்டும், உரோமையருக்கு எழுதுகையில், நற்செய்தி அறிவிக்கும் தம் பணியை ஒரு குருவின் பணிக்கு ஒப்பிடுகிறார்.

அவ்வாறாயின் குருத்துவம் பின்னாளில் புகுத்தப்பட்டதா? அன்று. பெயர் மெல்ல வந்தது. பணி தொடக்கத்திலேயே இருந்தது. இராவுணவின்போது தம் நினைவாகச் செய்யுமாறு ஆண்டவர் பன்னிருவரிடம் ஒப்படைத்தார். அவர்கள் கைகளை விரித்து மூப்பர்களை ஏற்படுத்தினர். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் இடிந்தது. ஏறத்தாழ 96இல் உரோமையின் கிளமெந்து கொரிந்துச் சபைக்கு எழுதுகையில், பழைய ஆலயத்தின் ஒழுங்கைச் சபையின் ஒழுங்குக்கு உவமையாக்குகிறார். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இஞ்ஞாசியார் ஆயர், மூப்பர், திருத்தொண்டர் என்னும் மூன்று நிலைகளைத் தெளிவாகக் குறிப்பிடுகிறார். 200ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் ஆயரைத் தலைமைக் குரு என்கிறார். 258இல் மறைசாட்சியான கார்த்தேசு ஆயர் சிப்பிரியானிடத்தில் அவ்வழக்கு உறுதிப்பட்டது. பின்னர் மூப்பர்களுக்கும் பரவியது. நற்கருணையே கிறிஸ்துவின் பலி என்று திருச்சபை ஆழ்ந்துணர்ந்த அளவில், அதனை நிறைவேற்றுபவரைக் குரு என்று அழைப்பதும் இயல்பாயிற்று.

திரெந்துப் பொதுச்சங்கம் 1563 ஜூலை 15இல் இப்போதனையை உறுதிப்படுத்தி, குருமடங்களையும் ஏற்படுத்தப் பணித்தது. திருநிலைப்பாட்டின் உயிர்நாடி பாத்திரங்களைக் கையளிப்பதில் இல்லை. கைகளை வைத்துச் செபிப்பதிலேயே உண்டு என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1947இல் தெளிவுறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7இல் வெளியிட்ட குருக்களைப் பற்றிய ஏடு, அவர்களது முதற்கடமை இறைவார்த்தையை அறிவிப்பது என்றும், பின்னர் அருட்சாதனங்களையும், மக்களை வழிநடத்துவதையும் எடுத்துரைக்கிறது. ‘குரு’ என்றால் ஆசான். நம் முன்னோர் தெரிந்தெடுத்த தமிழ்ச்சொல், சங்கம் முதலாவதாக வைத்த கடமையை முதலிலேயே தன்னுள் கொண்டிருந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது.

இனி மீண்டும் ஆலங்காட்டிற்கு வருவோம். இத்தலத்தின் புகழுக்குப் பெருங்காரணர் குருக்கள் அல்லர், மன்னரும் அல்லர், ஒரு பெண். வணிகர் குலத்துப் புனிதவதி, கணவனால் கைவிடப்பட்டு, அழகைத் துறந்து பேயுருக் கொண்டு, இறைவனைப் பாடிக் காரைக்கால் அம்மையார் ஆனார். அவர் தலையால் நடந்து வந்த மண் என்பதால், அந்தணச் சிறுவரான திருஞானசம்பந்தர் ஊருக்குள் கால் வைக்க அஞ்சி அருகே தங்கிவிட்டார் என்று பெரிய புராணம் கூறும். வழிபாட்டு உரிமையில் பிறந்த ஒருவர், அவ்வுரிமை ஏதுமில்லாத ஒரு பெண்ணின் பக்தியின்முன் தயங்கி நிற்கிறார்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்குடையோர் என்கிறது 1964இல் வெளிவந்த திருச்சபை பற்றிய சங்க ஏடு. விசுவாசிகளின் பொதுக் குருத்துவமும் திருநிலைப்பட்டோரின் பணிக் குருத்துவமும் தன்மையிலேயே வேறுபட்டவை; ஆயினும் ஒன்று மற்றொன்றுக்காகவே உள்ளது. விடியலில் எழுந்து பிள்ளைகளுக்குச் செபம் கற்பிக்கும் தாயும், நோயுற்ற மனைவியைப் பல்லாண்டு பேணும் கணவரும் தம் வாழ்வைக் காணிக்கையாக்குகின்றனர். அக்காணிக்கையைக் கிறிஸ்துவின் பலியோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பதற்காகவே பீடத்தில் குரு நிற்கிறார். அவர்களுடைய மண்ணில் கால் வைக்கக் குருவும் சற்றே அஞ்ச வேண்டும்.

திருவாலங்காட்டை அடுத்து உள்ளது பழையனூர். முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1018இல், இவ்வூரை ஆலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய செய்தி திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் உள்ளது. முப்பத்தொரு ஏடுகள் கொண்ட அவை சோழர் வரலாற்றுக்குப் பெருஞ்சான்று. கோயிலுக்கு நிலம் வந்தது. லேவியர்க்கோ நிலப்பங்கு தரப்படவில்லை. ஆண்டவரே அவர்களது பங்கு. சொத்தைக் காப்பவராகக் குரு மாறும் வேளையில் இதனை நினைவுகூர்வது நலம்.

பழையனூருக்கு மற்றொரு புகழ் உண்டு. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்கக் காத்திருந்த நீலி, மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, கையில் குழந்தையோடு, ‘இவர் என் கணவர்’ என்று வழக்கிட்டாள். வணிகன் நடுங்கினான். ஊர் வேளாளர் எழுபதின்மர், ‘உன் உயிருக்குத் தீங்கு வந்தால் எங்கள் உயிர் தருவோம்’ என்று வாக்களித்து அவனை அவளோடு தங்க வைத்தனர். பொழுது விடியுமுன் அவன் மாண்டான். கொடுத்த வாக்கின்படி எழுபதின்மரும் தீப்புகுந்தனர் என்பது மரபு. உயிர் மாய்த்தலை நம் மறை ஏற்பதில்லை. அவர்கள் வழங்கிய தீர்ப்பும் பிழையானதே. எனினும் நம்பி வந்தவனுக்குப் பிணை நின்றோம், பிணைக்கு உயிரே விலை என்ற உணர்வைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

எபிரேயர் திருமுகம் கிறிஸ்துவின் குருத்துவத்தை விளக்கும் அதே இடத்தில், அவரை மேலான உடன்படிக்கையின் ‘பிணை’ என்கிறது. பிணை நின்றவன் உனக்காகத் தன் உயிரையே கொடுத்தவன், அவன் நன்றியை மறவாதே என்று சீராக்கின் ஞானநூலும் அறிவுறுத்துகிறது. தொடக்க நூலில், தம்பி பென்யமீனுக்காகத் தந்தையிடம் பிணை நின்றவன் யார்? யூதா. எகிப்தில் தம்பி சிக்கியபோது, அவனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று முன்வந்தவனும் அவனே. குருக்கள் லேவியின் குலத்தில் பிறந்தனர். பிணையாளி யூதாவின் குலத்தில் பிறந்தார். பழையனூரார் விளைவறியாது வாக்களித்தனர். நம் ஆண்டவரோ கடன் முழுவதையும் அறிந்தே பிணை நின்று, சிலுவையில் அதனைத் தீர்த்தார்.

கிறிஸ்தவக் குருத்துவத்தின் பொருள் இதில் அடங்கியிருக்கிறது. குரு என்பவர் குலத்தால் உயர்ந்தவர் அல்லர். கல்வியால் மேம்பட்ட அலுவலரும் அல்லர். ‘இவர்களுக்கு நான் பொறுப்பு’ என்று இறைவன்முன் நிற்பவர். இன்னும் நம் பங்குகள் சிலவற்றில், புதிய குரு வருகிறார் என்றதும் ‘எந்த ஊர், எந்தச் சாதி?’ என்னும் கேள்வியே முந்துகிறது. மதுரை மறைபரப்பிலும் சாதிக்கொரு கோலம் பூண வேண்டிய நிலை இருந்தது. அக்காலத்துக் கட்டாயம் என்று அதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. இன்று அச்சமாதானம் எவருக்கும் இல்லை. குலவழிக் குருத்துவத்தைக் கிறிஸ்துவே முடித்து வைத்த பின், அதனைப் பின்வாசல் வழியே அழைத்து வருவது அவருடைய பிணையை மறுப்பதாகும்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் பங்குக் குருவிடம் கட்டடத்தையும் விழாச் சிறப்பையும் மட்டும் எதிர்பாராதீர்கள். எங்களுக்காக நிற்பீர்களா என்று கேளுங்கள். வழக்கிலும் வறுமையிலும் இறப்பின் வாயிலிலும் எங்களோடு நிற்பீர்களா என்று கேளுங்கள். உங்கள் மகன் ஒருவன் குருவாக விரும்பினால், ‘ஊரார் கைகூப்புவர்’ என்று ஆசை காட்டாமல், ‘நீ பிறருக்காகக் கடன்படப் போகிறாய், முடியுமா?’ என்று கேட்டு அனுப்புங்கள். அரக்கோணம் வழியே செல்ல நேர்ந்தால் ஆலங்காட்டையும் பழையனூரையும் கண்டு வாருங்கள். சொன்ன சொல்லுக்கு உயிர் தந்தவர்கள் என்று எழுபதின்மரைத் தமிழ்நாடு இத்தனை நூற்றாண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நமக்காகப் பிணை நின்றவரை நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் நினைவுகூர்கிறோம்.