தட்டிப் பார்த்தல்

மானாமதுரைப் பக்கம் பானை வாங்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணால் பார்த்ததோடு அவர்கள் நிறைவடைவதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி, எழும் ஓசையைக் கேட்ட பின்னரே சுருக்குப்பையை அவிழ்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலை ஓசை காட்டிக் கொடுத்துவிடும். மனித உடலையும் அவ்வாறே தட்டி அறியலாம் என்று 1761-ஆம் ஆண்டில் நூல் எழுதியவர், சத்திரக்காரர் ஒருவரின் மகனாகிய ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர்.

இதனை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரை அடக்கம் செய்தேன். குடி அவரை விழுங்கிற்று. மருத்துவர் அவருடைய வலது விலாவின் கீழ் விரல்களை அழுத்தி, கல்லீரல் இறுகிவிட்டது என்று கூறியபோது, கால்கள் வீங்கிக் கண்கள் மஞ்சளித்திருந்தன. கைக்குத் தெரியும் அளவுக்கு இறுகும்வரை அது ஒரு வலியையும் காட்டவில்லை. நோயில்பூசுதல் அளிக்க விரைந்து சென்ற நான், அதற்குமுன் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லாமற் போனேனே என்ற வருத்தம் இன்றும் என்னை விட்டபாடில்லை.

ஆகவே, சென்ற ஆண்டு அவருடைய தம்பியின் மனைவி பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, அவுக அண்ணன் போன வழியிலேயே இவுகளும் போறாக" என்று அழுதபோது, நான் தாமதிக்கவில்லை. மறுநாளே அவரை மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். "எனக்குத்தான் வலியே இல்லையே, சாமி" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சோதனைக்கு முன் மூன்று மணி நேரம் ஒன்றும் உண்ணலாகாது என்றார்கள். பின்னர் வலது கையைத் தலைக்குமேல் வைத்துப் படுக்கச் செய்து, விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கருவியை வைத்தனர். அது விரலால் சுண்டியதுபோல் மெல்லத் தட்டிற்று. பத்து முறை தட்டிற்று. அந்தத் தட்டு கல்லீரலினுள் ஓர் அலையாக ஓடுகிறது. அலையின் வேகத்தை, நம் காதுக்கு எட்டாத ஒலியாகிய அல்ட்ராசவுண்ட் கவனித்து அளக்கிறது. மென்மையான திசுவில் அலை மெல்லச் செல்லும். இறுகிய திசுவில் விரைந்து செல்லும். நலமான கல்லீரலில் வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் ஓடும் அலை, தழும்பேறிய கல்லீரலில் 2 மீட்டருக்கு மேலும் ஓடுவதுண்டு. இவ்வேகத்திலிருந்து கணக்கிட்ட இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அளவில் கூறுகிறார்கள். குருமடத்தில் தத்துவம் பயின்ற நாளில் அறிமுகமான பாஸ்கலை, ஒரு கொத்தனாரின் கல்லீரலில் மீண்டும் சந்திப்பேன் என்று நான் எண்ணியதே இல்லை!

நலமான கல்லீரல் 5 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் என்றார் மருத்துவர். இவருக்கு வந்தது 9.4. "இப்போதே குடியை நிறுத்தினால் இது இறங்கும், நிறுத்தாவிட்டால் ஏறும்" என்றார். நண்பர் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வலி சொல்லாததை எண் சொல்லிற்று.

திரும்பி வந்தபின், பொறியியல் பயிலும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். அல்ட்ராசவுண்டால் திசுவின் இறுக்கத்தைப் படமாக்கும் முறைக்கு 1991-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓஃபிர் என்பவரும் துணைவர்களும் 'எலாஸ்டோகிராபி' என்று பெயரிட்டார்களாம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இத்துறையில் ஆய்வு நடைபெறுகிறது. ஆனால் நான் கண்ட கருவியின் தட்டு தோலிலிருந்து உள்ளே செல்ல வேண்டும்; வயிற்றில் நீர் கோத்துவிட்டால் அது கல்லீரலை எட்டாது.

அப்படியானால் உள்ளிருந்தே தட்ட இயலுமா? அதற்கும் முயல்கிறார்கள். மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இரும்பு ஆக்சைடுத் துகள்களை உடலினுள் செலுத்தி, வெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கூட்டியும் குறைத்தும் இயக்குகின்றனர். துகள்கள் அசையும்போது அவற்றைச் சூழ்ந்த திசுவும் அசைகிறது. அந்த நுண்ணிய அசைவை அல்ட்ராசவுண்ட் காண்கிறது. தயிரில் கலந்த இரும்புத்தூள் காந்தத்திற்கு எளிதில் அசையும். இறுகிய வெல்லப்பாகில் சிக்கிய தூள் அசையுமா? அதே கணக்குத்தான். டெக்சாஸிலும் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலும் இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். எனினும், துகள்கள் எவ்விடத்தில் எவ்வளவு சேர்ந்துள்ளன என்பதும் அசைவை மாற்றுமாதலால், இறுக்கத்தை மட்டும் பிரித்தறிவது எளிதன்று. மருத்துவமனைகளில் இது வழக்கத்திற்கு வர இன்னும் காலம் ஆகும்.

நம் நண்பரோ இருமுறை தவறி, இருமுறையும் எழுந்தார். சென்ற மாதம் மீண்டும் சோதித்தபோது 6.8. இரண்டு சீட்டுகளையும் அவர் மனைவி திரு இருதயப் படத்தின் பின்னால் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

அன்பர்களே, குடிப்பழக்கமோ, சர்க்கரை நோயோ, மிகுந்த உடற்பருமனோ, மஞ்சட்காமாலைக் கிருமியோ உள்ளவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், வலி வரட்டும் என்று காத்திராதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், என்னைப்போல் பிந்திவிடாமல், இன்றே போய் அவர் கதவைத் தட்டுங்கள்.