கண்ணுக்குத் தெரியாத ஆலந்தூர்

க்ஷேத்திர யாத்திரை செல்கிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். சென்ற விடுமுறையில் நான் பார்க்கச் சென்ற அதிசயமோ முழுவதும் பூமிக்கு அடியில் கிடக்கிறது. அதைப் படம் பிடித்துப் போடவும் முடியாது, பிரசாதமும் கிடையாது. ஆயினும் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரப் பிரயாணந்தான். வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துச் செல்லலாம்.

பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் ஆதம்பாக்கம், மறுபக்கம் ஆலந்தூர். சற்றுத் தெற்கே நங்கநல்லூர். அங்கே 32 அடி ஆஞ்சநேயர் நின்றருள்கிறார். தலைக்கு மேலே மீனம்பாக்கத்து விமானங்கள் நிமிஷத்துக்கொன்றாக இரைகின்றன. இவை யாவும் சேர்ந்த ஆலந்தூர் நகரசபை 2011-ஆம் வருஷம் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. அதற்கு முன் அது தனி ஊர். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஜனங்கள். பாதாளச் சாக்கடை மட்டும் இல்லை. சென்னைப் பட்டணத்துக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்த அந்தச் சௌகரியம், பட்டணத்தின் வாசற்படியில் இருந்த ஊருக்கு வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்கு. வசதியுள்ளவர்கள் லாரியை வரவழைத்து இறைப்பார்கள். வசதியற்றவர்கள் டாங்கு தானாக வழியும் வரையில் காத்திருப்பார்கள். வழிந்தது தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து கிணற்றுக்கு. கொசுவைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

1996-ஆம் ஆண்டு, ஆர். எஸ். பாரதி தலைவராக இருந்த நகரசபை, பாதாளச் சாக்கடை அமைப்பதென்று தீர்மானித்தது. மதிப்பு சுமார் 34 கோடி ரூபாய். பெரும்பகுதியை அரசாங்க நிதி ஸ்தாபனங்களிடம் கடனாக வாங்கினார்கள். மீதிக்கு ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள்: குழாய் பதிக்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாயும், வியாபார ஸ்தலங்களுக்கு 10,000 ரூபாயும் முன்பணம் கேட்டார்கள். கண்ணால் காணாத சாக்கடைக்கு யார் பணம் கொடுப்பார்? கொடுத்தார்கள். குடியிருப்போர் சங்கத்தார் வீடு வீடாக ஏறி இறங்கி வசூலித்துக் கொடுத்தார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் ஓர் ஊரில் நிறைந்திருப்பதன் லாபம் இதுதான். அவர்களுக்கு நேரமும் உண்டு, எதிராளி சரி என்று சொல்லும் வரையில் விடாத குணமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. பெருங்குடியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமும் எழுந்தது. நகரசபைகள் தாமாகச் செய்துகொண்ட இத்தகைய வேலைகளுள் இது நாடெங்கும் பேசப்பட்டது.

இந்தப் பெருமையைப் பத்திரிகைகள் பல தடவை எழுதிவிட்டன. நான் பார்க்க விரும்பியது வேறு: தினக்கூலிக் குடும்பங்கள் வசிக்கும் சந்துகளை. மாதச் சம்பளக்காரனுக்கு 5,000 ரூபாய் ஒரு செலவு. கூலிக்காரனுக்கு அது அந்நாளில் பல மாத வருமானம். தவணையிலும் வங்கிக் கடனிலும் ஏழைகள் கட்டுவதற்கு ஏற்பாடு செய்தார்கள். அது மெச்சத் தக்கதே. ஆனால் முன்பணத்தோடு காரியம் முடிகிறதா? வீட்டினுள் கழிப்பறை கட்ட வேண்டும். வாசலில் சேம்பர் கட்ட வேண்டும். அதிலிருந்து தெருக் குழாய் வரையில் வாட்டம் பார்த்துக் குழாய் பதிக்க வேண்டும். கொத்தனார், பிளம்பர், செங்கல், சிமெண்டு எல்லாம் ரொக்கம். கழிவை அடித்துச் செல்லக் கையில் தண்ணீரும் வேண்டும். குடம் குடமாகச் சுமந்து வருகிறவர்கள் அதை இப்படிச் செலவழிக்கத் தயங்குவார்கள்.

ஒரு சந்தில் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டியிடம் விசாரித்தேன்.

"ரோட்டுல குழாய் போட்டப்போ எல்லாருக்கும் சந்தோஷம் சார். அது வூட்டுக்குள்ள வர்றதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு," என்றாள்.

"எவ்வளவு தூரம் அம்மா?"

அவள் எழுந்து, திண்ணையிலிருந்து தெருவிலிருந்த மூடி வரையில் நடந்து காட்டினாள். நாலு எட்டு.

இந்த நாலு எட்டில்தான் விஷயம் இருக்கிறது. கோடிகளைக் கொட்டித் தெருவில் குழாய் பதிப்பது பொதுச் செலவு. வாசற்படியைத் தாண்டினால் சொந்தச் செலவு என்று கணக்கெழுதும் இலாகாக்கள் கோடு கிழித்திருக்கின்றன. காலராவும் டைபாயிடும் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. இணைப்பில்லாத வீடு ஒரு தெருவில் பத்து இருந்தால், இணைப்புள்ள வீட்டுக் குழந்தைக்கும் பேதி வரும். சந்தாதாரர் சேராவிட்டால் கடனைத் தீர்க்கும் மாதக் கட்டணமும் வராது. ஆகவே அந்த நாலு எட்டுக்குப் பொதுப் பணத்தைச் செலவிடுவதைத் தருமம் என்று சொல்வதைவிட, பெரிய முதலீட்டைக் காப்பாற்றும் சிக்கனம் என்று சொல்வதே பொருந்தும்.

"ஏழைகளே செய்துகொள்ளட்டுமே" என்பாரும் உண்டு. அவர்கள் கராச்சி நகரத்து ஒராங்கியைச் சுட்டுவார்கள். ஐ.ஸி.எஸ். உத்தியோகத்தை உதறிய அக்தர் ஹமீத் கான் 1980-இல் அங்கே தொடங்கிய இயக்கத்தில், சந்துக்கு இருபது முப்பது வீட்டார் கூடித் தங்கள் காசிலேயே சாக்கடை போட்டுக்கொண்டார்கள். உண்மைதான். ஆனால் முறைகளை எளிதாக்கி, ஒப்பந்தக்காரரை விலக்கிச் செலவை மிகவும் குறைத்த பிறகே அவர்களால் முடிந்தது. சந்துக் குழாய்கள் போய்ச் சேரும் பெரிய குழாய் அரசாங்கத்தின் பொறுப்பு என்பதை அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் தேசத்தில் அரசாங்கப் பணம் வாசற்படியைத் தாண்டியதே இல்லையா என்றால், தாண்டியிருக்கிறது. 2014-இல் தொடங்கிய தூய்மை இயக்கத்தில் கிராமத்து வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது, சுமார் 19 கோடி கிராமத்து வீடுகளில் 3.23 கோடி வீடுகளிலேதான் குழாய்த் தண்ணீர் இருந்தது. தெருக் குழாயோடு நில்லாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் இணைப்புத் தருவதே லட்சியம் என்று அதில் எழுதினார்கள். வருகிற தண்ணீருக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை, போகிற தண்ணீருக்கும் பட்டணத்துச் சந்துகளில் ஒப்புக்கொள்வதில் தடை என்ன?

மூதாட்டியின் வீட்டில் இப்போது இணைப்பு இருக்கிறது. மகன் கடன் வாங்கிக் கட்டினானாம். அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வேறு ஊரில். அங்கே இன்னும் செப்டிக் டாங்குதான். லாரி வரும் நாளில் சந்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.