அருவியில்லாத நாட்டில் அருவிப் படம்

திருவையாறு,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பா,

குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே, "தஞ்சாவூருக்குப் போய் என்ன தண்ணீர்ப் படம் எடுக்கப் போகிறாய்?" என்று போனில் சிரித்தாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம்தான். இங்கிருந்து பூம்புகார் வரை ஆறு விழுந்து எழ ஒரு பாறை கிடையாது. ஆனால் தண்ணீரை மறித்துத் திறந்துவிடும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அணை, மதகு, வாய்க்கால் தலைப்பு என்று வழியெல்லாம் இருக்கின்றன. இந்த ஊர் அருவிகள் மனிதர் கட்டியவை.

பெரியது கல்லணை. காவிரியின் படுகையைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. விட்டால் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் கரிகாலன் பெயரால் சொல்லப்படும் அந்தக் கல் அணை, 1,080 அடி நீளத்துக்கு வளைந்து நெளிந்து போகிறது. இன்று நாம் பார்க்கிற ஷட்டர்களும் பாலமும் பிற்காலத்தவை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகத் தண்ணீர் இங்கேதான் பிரிகிறது. கால்வாய்க்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் புது ஆறு. மேட்டூர் அணை முடிந்த 1934ஐ ஒட்டி வந்தது அல்லவா, அவர்களுக்கு அது இன்னும் புதுசுதான்!

ஷட்டரை உயர்த்தினால் தண்ணீர் மேலிருந்து விழாது; அடியிலிருந்து பீறிடும். கீழே தளத்தில் மோதி, எதிர்த்துப் புரண்டு, நுரையாகச் சுழன்றுவிட்டுத்தான் ஆற்றோடு போகும். இந்தச் சுழற்சியைப் பிடிக்க வேண்டுமென்றால், குற்றாலத்தில் நாம் போடுகிற கணக்கு உதவாது. விடிந்து வெயில் ஏறுவதற்குள், ஐஎஸ்ஓ 100, எஃப் 11 வைத்தால் 1/30 நொடி வருகிறது என்று வைத்துக்கொள். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் மூன்று ஸ்டாப் போட்டால் கால் நொடி. ஆறு ஸ்டாப் போட்டால் 2 நொடி. பத்து ஸ்டாப் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல். அரை நிமிடத்தில் சுழல், நுரை, வேகம் மூன்றும் கரைந்து பனிமூட்டம்தான் மிஞ்சும். கால் நொடியில் நுரை ஒவ்வொன்றும் ஒரு கோடு இழுக்கும். எந்தக் கதவில் தண்ணீர் முட்டுகிறது, எங்கே திரும்புகிறது என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

முக்காலியைப் பாலத்தில் வைக்காதே. டவுன் பஸ் ஒன்று கடந்தாலும் பாலம் அதிரும். ஷட்டர் கோடுகள் இரட்டையாக விழும். கரையில் கெட்டியான மண் பார்த்து வை. எஃப் 22க்குப் போகாதே, துல்லியம் போய்விடும்.

வெண்ணாற்றுப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் கேமரா திரையை எட்டிப் பார்த்தார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவர். "ஏன் தம்பி, தண்ணி பால் மாதிரி இருக்கு? வண்டலெல்லாம் எங்க போச்சு?" என்றார். சரியான கேள்வி. கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் காவி நிறத்தைச் சாம்பலாக்கிவிடுகிறது. கொஞ்சம் ஒளி கூடினால் நுரை வெளுத்துப்போகிறது. டேலைட்டில் வைத்து, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்தால் ஆற்றின் நிறம் வருகிறது. மாற்றி எடுத்துக் காட்டினேன். "இது நம்ம ஆறு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

தண்ணீர் பாலாகும் கதை பழையது. 1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூரையும் இந்தத் திருவையாற்றையும் படமெடுத்தார். பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். அன்றைய காகித நெகட்டிவுக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். நடந்துபோனவர்கள் பதியவே மாட்டார்கள், ஓடும் தண்ணீர் வழவழவென்றுதான் விழும். அன்றைய புகைப்படக்காரர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது. தண்ணீரின் உருவத்தை அழித்துவிட்டு அழகு என்று சொல்கிறோம் என்றால், அது நாமே எடுத்த முடிவு.

மாலையில் வயல் பக்கம் போனேன். பம்புசெட் குழாயிலிருந்து தொட்டியில் கொட்டும் தண்ணீருக்கு உயரம் இடுப்பளவுதான். 1/8 நொடி வைத்தேன். குழாய் வாயில் கண்ணாடித் தண்டாகத் தொடங்கி, பாதியில் நாராகப் பிரிந்து, தொட்டியில் சிதறியது. விளிம்பில் பச்சைப் பாசி, பின்னால் நட்டு முடித்த குறுவை. இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் இதுதான்.

நீயும் வா. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். அணையில் இருப்பைப் பொறுத்து நாள் மாறும், செய்தித்தாளைப் பார்த்துக்கொள். பத்து ஸ்டாப் ஃபில்டரை வீட்டில் வை, மூன்று ஸ்டாப் போதும். என்ன கோணம் கிடைத்தாலும் ஷட்டருக்குக் கீழே மட்டும் இறங்காதே. கல்லணைக்கு மேலே முக்கொம்பில், 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த மேலணையின் ஒன்பது ஷட்டர்களை 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்