ஊர் கூடினால் தேர் ஓடும்... நாடுகள் கூடினால்?

கொல்கத்தாவில் சரக்கு ஏற்றிய ஒரு லாரி வங்காளதேசத்துக்குப் போக வேண்டும். எல்லையில் இருக்கும் ஊர் பெட்ராபோல். அந்தப் பக்கம் இருப்பது பேனாபோல். கொல்கத்தாவில் இருந்து எல்லை வரை சுமார் 80 கிலோமீட்டர்தான். அதுவரை பிரச்சினை இல்லை. அந்த எல்லையைத் தாண்டுவதில்தான் இருக்கிறது சங்கதி! உலக வங்கி 2021ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இங்கே எல்லையைத் தாண்ட 138 மணி நேரம் பிடிக்கிறது என்று கணக்குச் சொன்னது. கிட்டத்தட்ட ஆறு நாள். அதில் 28 மணி நேரம், சரக்கை இந்திய லாரியில் இருந்து இறக்கி வங்காளதேச லாரியில் ஏற்றுவதற்கு மட்டும் போகிறது. இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறதாம்.

லாரி நின்றாலும் செலவு நிற்பதில்லை. டிரைவர் பேட்டா, வண்டி வாடகை, கடனுக்கு வட்டி, கெட்டுப்போகும் சரக்கு என்று எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் கட்டுவது யார்? வியாபாரி கட்டமாட்டார், விலையில் ஏற்றிவிடுவார். கடைசியில் கட்டுவது கடையில் பொருள் வாங்கும் சாதாரண மனிதர்தான். இந்தியாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, பக்கத்தில் இருக்கும் வங்காளதேசத்தோடு வியாபாரம் செய்வதை விட பிரேசிலோடோ ஜெர்மனியோடோ செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றிப் போவது போல!

இத்தனைக்கும் ஒப்பந்தங்கள் இல்லாமல் இல்லை. தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பிறகு ஏன் இப்படி?

பந்தியில் ஒருவர் எழுந்தால்...

தெற்காசிய நாடுகள் எல்லாம் ஒன்றாக உட்கார வேண்டும் என்ற யோசனையை 1980ல் முன்வைத்தவர் வங்காளதேச ஜனாதிபதி ஜியாவுர் ரஹ்மான். அது நிறைவேறுவதைப் பார்க்க அவர் இல்லை, 1981ல் கொல்லப்பட்டார். 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் சேர்ந்து சார்க் அமைப்பைத் தொடங்கின. 2007ல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது.

சார்க்கின் சாசனத்தில் இரண்டு விதிகள் முக்கியமானவை. ஒன்று, எந்த முடிவானாலும் எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, இரு நாடுகளுக்கு இடையிலான தகராறுகளை இங்கே பேசக்கூடாது. கேட்க நல்ல விதிகள்தான். சின்ன நாட்டை யாரும் மிரட்ட முடியாது, சண்டையும் வராது. ஆனால் நடந்தது என்ன? பேசக்கூடாது என்று வைத்த தகராறு வெளியே நின்று கதவைப் பூட்டிவிட்டது. பந்தியில் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் எட்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது என்ற கதை.

2014 நவம்பரில் காத்மாண்டுவில் 18வது உச்சி மாநாடு நடந்தது. சாலைப் போக்குவரத்து, ரயில், மின்சாரம் என்று மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்துக்குத் தயாராக இருந்தன. உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்றது பாகிஸ்தான். கடைசி நேரத்தில் மின்சார ஒப்பந்தம் மட்டும் தப்பிப் பிழைத்தது. 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய அடுத்த மாநாடு, உரி தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவும் வேறு சில நாடுகளும் விலகியதால் நின்றுபோனது. அதற்குப் பிறகு உச்சி மாநாடே இல்லை. சாசனப்படி தலைவர்கள் வருடத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது தனிக்கதை.

வர்த்தகக் கணக்கைப் பார்த்தாலும் அதே நிலைதான். சாப்டா எனப்படும் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2004ல் கையெழுத்தாகி 2006ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்த நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் செய்துகொள்வது சுமார் 5 சதவீதம்தான். ஆசியான் நாடுகளில் இது சுமார் 25 சதவீதம்.

அரிசி இருந்தும் பசி

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1987ல் சார்க் நாடுகள் உணவுப் பாதுகாப்புக் கையிருப்பு ஒன்றை உருவாக்கின. ஒவ்வொரு நாடும் தன் பங்கு தானியத்தைத் தன் நாட்டிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும், ஆபத்தில் இருக்கும் நாடு அதில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அருமையான யோசனை!

ஆனால் எடுப்பதற்கு நிபந்தனைகளைப் பாருங்கள். எதிர்பாராத பேரிடர் வந்திருக்க வேண்டும். சொந்தக் கையிருப்பால் சமாளிக்க முடியாமல் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் வெளிச்சந்தையில் வாங்கவும் முடியாத நிலையில் இருக்க வேண்டும். 1991 ஏப்ரலில் வங்காளதேசத்தைப் புயல் தாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதும் இந்தக் கையிருப்பில் இருந்து அந்த நாட்டுக்கு தானியம் கிடைக்கவில்லை. 2007ல் இதையே உணவு வங்கி என்று மாற்றி புதிய ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று.

வங்கியில் பணம் இருக்கிறது, ஆனால் செக் புத்தகம் கிடையாது என்றால் அந்தக் கணக்கால் என்ன பயன்? பொதுச் சேவைகள் தோற்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். தலைவர்கள் கை குலுக்கும் மேடையில் அல்ல, யாரும் படிக்காத ஏழாவது, எட்டாவது பக்கத்து விதிகளில்.

சின்னவர்களின் பயம்

பெரிய நாட்டில் இருப்பவர்களுக்கு சின்ன நாடுகள் வீண் பிடிவாதம் பிடிப்பதாகத் தோன்றும். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

2015 ஜூன் மாதம் திம்புவில் வங்காளதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகள் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டு லாரி அடுத்த நாட்டுக்குள் சரக்கை இறக்காமலே போகலாம். அதே வருடம் நவம்பரில் கொல்கத்தாவில் இருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு லாரி சோதனை ஓட்டமாகப் போனது. வழக்கமான பாதையை விட ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு மிச்சம்! ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான அதே பூட்டானில், பாராளுமன்ற மேலவை அதை ஏற்க மறுத்துவிட்டது. மற்ற மூவரும் முன்னே போங்கள் என்று 2017ல் பூட்டான் சொல்லிவிட்டது.

பூட்டானின் மக்கள்தொகை எட்டு லட்சம் கூட இல்லை. மலைச்சாலைகள் குறுகலானவை. இந்திய லாரிகள் வரிசையாக வந்தால் காற்று என்னாகும், உள்ளூர் லாரிக்காரர்களின் பிழைப்பு என்னாகும் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

இலங்கையின் அனுபவமும் இதுதான். இந்தியாவும் இலங்கையும் 1998ல் கையெழுத்திட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000ல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர வர்த்தகம் என்று பெயர், ஆனால் இலங்கையின் பிரதான ஏற்றுமதியான தேயிலைக்கு வருடத்துக்கு 1 கோடியே 50 லட்சம் கிலோ என்று இந்தியா வரம்பு வைத்தது. இந்தியத் தோட்டத் தொழிலாளியைக் காப்பாற்ற வேண்டும் என்பது இந்தியாவின் நியாயம். எங்களிடம் விற்க இருப்பதே அதுதானே என்பது இலங்கையின் நியாயம். இரண்டுமே பொய்யில்லை. அதனால்தான் இது கஷ்டம். ஒரு பக்கம் வில்லன் இருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

யார் காசு, யார் தேர்?

அடுத்த சிக்கல் பணம். 2014ல் சார்க் நாடுகளுக்கென்று ஒரு செயற்கைக்கோள் விடலாம் என்று இந்தியப் பிரதமர் அறிவித்தார். செலவு முழுவதும் இந்தியாவுடையது. பாகிஸ்தான், கூட்டுத் திட்டமாக இருந்தால் வருகிறோம் என்றது. இது பரிசு என்றது இந்தியா. பாகிஸ்தான் விலகியது. பெயர் தெற்காசிய செயற்கைக்கோள் என்று மாறி 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்தது.

பணக்காரர் ஒருவரே முழுச் செலவையும் ஏற்றுத் தேர் செய்தால் தேர் சீக்கிரம் முடியும். ஆனால் அது ஊர்த் தேரா, அவர் வீட்டுத் தேரா என்ற பேச்சு வரும். வடத்தைத் தொட ஆட்கள் தயங்குவார்கள். எல்லோரிடமும் வரி வசூல் செய்தால் தேர் முடியவே முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம்.

ஒரு முறை உடைந்த வீடு

அப்படி வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் சொன்ன அதே கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967ல் ஒரு சமூகம் அமைத்தன. மூன்று நாடுகளுக்கும் ஒரே விமான நிறுவனம், ஒரே ரயில்வே, ஒரே தபால் துறை! ஐரோப்பாவிலேயே அப்போது இல்லாத ஒற்றுமை. பத்தே வருடத்தில், 1977ல், அது உடைந்தது. உகாண்டாவின் இடி அமீனோடு ஒரே மேசையில் உட்கார தான்சானியாவின் ஜூலியஸ் நியரேரே மறுத்தார். லாபம் எல்லாம் கென்யாவுக்கே போகிறது என்ற குமுறலும் சேர்ந்துகொண்டது. கென்யா, தான்சானியா எல்லை வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. சொத்தைப் பிரிக்கவே 1984 வரை ஆனது.

1999ல் மறுபடியும் ஒப்பந்தம் போட்டபோது அவர்கள் பழைய காயத்தை மறக்கவில்லை. 2005ல் சுங்க ஒன்றியம் வந்தது. உகாண்டாவும் தான்சானியாவும் அனுப்பும் பொருட்கள் கென்யாவுக்குள் வரி இல்லாமல் போகலாம். ஆனால் கென்யாவின் குறிப்பிட்ட பொருட்களுக்கு மற்ற இரண்டு நாடுகளும் ஐந்து வருடம் வரி போடலாம், அது வருடா வருடம் குறையும். அதாவது பலசாலி முதலில் கதவைத் திறக்க வேண்டும், பலவீனமானவர் மெதுவாகத் திறக்கலாம். பிறகு எல்லையில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே சோதனையாக முடிக்கும் முறையும் வந்தது. ஆறு மணி நேரத்தின் ரகசியம் இதுதான். அங்கே இன்னமும் சண்டைகள் உண்டு. ஆனால் லாரி நகர்கிறது.

நகரும் சக்கரங்கள்

தெற்காசியாவிலும் எல்லாம் இருட்டு இல்லை. நேபாளத்தில் மழைக்காலத்தில் நீர்மின்சாரம் மிஞ்சுகிறது, வங்காளதேசத்தில் பற்றாக்குறை. நடுவில் இந்தியாவின் மின்கம்பிகள். 2024 அக்டோபர் 3 அன்று மூன்று நாட்டு மின்சார நிறுவனங்கள் 40 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டன. நவம்பரில் மின்சாரமும் பாய்ந்தது. கவனித்தீர்களா? அதே வருடம் ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சியே கவிழ்ந்தது. ஒப்பந்தம் சில வாரம் தள்ளிப்போனதே தவிர கவிழவில்லை. காரணம், விற்பவர், வாங்குபவர், வழி விடுபவர் மூவருக்கும் அதில் காசு இருந்தது.

நாகப்பட்டினம், காங்கேசன்துறை கப்பல் இன்னொரு உதாரணம். ஒரு காலத்தில் சென்னையில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து கொழும்பு போய்விடலாம். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது, பிறகு போர் மிச்சத்தையும் நிறுத்தியது. 2023 அக்டோபரில் நாகையில் இருந்து கப்பல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சுலபமாக இருந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவு பாடு!

எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. 1874ல் பெர்ன் நகரில் உருவான அஞ்சல் ஒன்றியம்தான் உலகின் பழைய பொதுச் சேவைகளில் ஒன்று. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி வந்த அமைப்பு. அப்படிப்பட்ட தபாலையே 2019ல் பாகிஸ்தான் சில மாதங்கள் நிறுத்தியது, 2025 மே மாதம் இந்தியா நிறுத்தியது. எல்லைக்கு இரண்டு பக்கமும் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு கடிதம் கூட அரசியலின் தயவில்தான் வருகிறது.

ஆகவே பிரம்மாண்டமான ஒப்பந்தங்களுக்குக் காத்திருப்பதை விட, மூன்று கேள்விகளுக்குப் பதில் உள்ள சின்ன ஒப்பந்தங்களே மேல். இதில் சின்ன நாட்டுக்கு முதல் நாளில் இருந்தே என்ன கிடைக்கும்? செலவு யாருடையது, உரிமை யாருடையது? தலைவர்கள் பேசாமல் இருக்கும் மாதங்களிலும் இது ஓடுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத ஒப்பந்தம் வெறும் போட்டோ மட்டுமே.

ஊர்த் தேரை இழுப்பவர்கள் எல்லோரும் நண்பர்கள் இல்லை. வரப்புத் தகராறில் பேசாமல் இருப்பவர்களும் ஒரே வடத்தைப் பிடிக்கிறார்கள். தேர் தங்கள் தெருவுக்கும் வரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் காரணம். பெட்ராபோலில் ஆறு நாளாக நிற்கும் லாரிக்குத் தேவைப்படுவதும் அந்த நம்பிக்கைதான்.