கூட்டத்தோடு தாண்டுவது

தாம்பரத்தில் ஏறியபோது ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் அது பெரிய விஷயம். உட்கார்ந்துகொண்டேன். எதிர் இருக்கையில் மூன்று பேர். ஓரத்தில் ஒரு பெரியவர்: வெள்ளை அரைக்கைச் சட்டை, நான்காக மடித்த செய்தித்தாள், கண்ணாடிக் கூடு துருத்தும் துணிப்பை. நடுவில், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும் இளைஞர். அவரை ஒட்டி, மடியில் ஹெல்மெட்டை வைத்து அதன்மேல் கைகளைக் கோத்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்டாண்டில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறியவர். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

கடற்கரைக்குப் போகும் ரயில். 1931 முதல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. தாத்தாவும் அப்பாவும் பேரனும் ஒரே நிலையங்களின் பெயரைச் சொல்லி வளர்ந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய.

பல்லாவரம் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலை தண்டவாளத்தை நெருங்கி வந்தது. அங்கே வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. இளைஞர் கையை நீட்டினார்.

"அதோ, அந்த வெள்ளைக் கார் மாதிரிதான் சார் நம்மளதும். தீபாவளிக்கு எடுத்தேன். பதினோரு லட்சம். ரோடு டாக்ஸ் மட்டும் ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் ஆயிடுச்சு. வீட்டு வாசல்ல நிக்குது. ஆபீஸ்ல பார்க்கிங் இல்ல."

கணக்கு சரிதான். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாகன வரி உயர்ந்தது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 18 விழுக்காடு. ஒரு லட்சம் வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 10, அதற்கு மேல் 12. ஹெல்மெட்காரரும் தன் பங்குக்குச் சொன்னார்.

"என் பைக்குக்கும்தான் கட்டினேன். எங்க தெருவை வந்து பாருங்க. போன மழைக்குப் போட்ட பேட்ச் இந்த மழைக்குப் பள்ளமாயிடுச்சு."

"அதான் சார். டாக்ஸ் கட்டுறது நாம. குறுக்க நடக்கிறவங்க ஒரு ரூபா கட்டுறாங்களா? சிக்னல் இல்லாத இடத்துல கையைக் காட்டிட்டு இறங்கிடுறாங்க. இடிச்சா நம்ம மேல கேஸ்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. நியாயம் கேட்கிறவரின் முகம்தான் அது. கடன் வாங்கிக் கார் எடுத்தவர், கட்டிய வரிக்குச் சாலை எங்கே என்று கேட்கிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என் நெஞ்சில் தைத்தது. சாலையில் நிற்க உரிமை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று அது பிரித்துவிட்டது.

பெரியவர் செய்தித்தாளைத் தொடையில் தட்டினார். "தம்பி, அந்த வரி ரோடு போடறதுக்குன்னு யார் சொன்னது? அது நேரா அரசாங்கத்தோட பொதுக் கஜானாவுக்குப் போவுது. நீங்க இருக்கிற தெரு மாநகராட்சித் தெரு. அதுக்குச் சொத்து வரி இருக்கு. வாடகைக்கு இருக்கிறவன் கொடுக்கிற வாடகையிலயும் அந்த வரி இருக்கு. நடக்கிறவனும் கட்டிட்டுத்தான் நடக்கிறான்."

பெயர்தான் நம்மை மயக்குகிறது என்று எனக்குத் தோன்றும். 1974ஆம் ஆண்டின் சட்டம் அதை மோட்டார் வாகன வரி என்றுதான் சொல்கிறது. அந்தப் பெயரில் ரோடு இல்லை. ரோடு டாக்ஸ் என்று சொல்லிச் சொல்லியே, கட்டியவருக்கு ரோட்டில் ஒரு பட்டா கிடைத்துவிட்டதுபோல ஆகிவிட்டது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் சொன்னதே போதும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரங்கிமலையில் மெட்ரோவும் நம் ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் வரும். மேலே ஒரு மெட்ரோ வண்டி சத்தமில்லாமல் போனது. பெரியவருக்கு அது போதுமாக இருந்தது.

"இதுதான் வழி. ரயில். இரண்டாம் கட்டம் மட்டும் 119 கிலோமீட்டர் கிட்டத்தட்ட. 63,246 கோடி. செலவுதான். ஆனா ஒரு ரயில் எத்தனை காரை ரோட்டுலேர்ந்து எடுக்கும் பாருங்க. இந்த ஊர்ல 1895லயே டிராம் ஓடுச்சு. 1953ல நிறுத்திட்டோம். அந்தத் தடத்தை வெச்சிருந்தா இன்னைக்கு இவ்வளவு தோண்ட வேண்டியிருக்காது."

"சார், மெட்ரோல இருபது ரூபா. இறங்கி வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபா," என்றார் ஹெல்மெட்காரர். "நடக்கலாம்தான். ராத்திரி எட்டு மணிக்கு அந்த ரோட்டுல நடந்து பாருங்க. அதான் பைக்."

பெரியவரிடம் இதற்குப் பதில் இல்லை. ரயிலுக்கு ஆதரவாக அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதை ஒரு வரியில் ஹெல்மெட்காரர் நிறுத்தியதும் உண்மை. கோடிக் கணக்கில் கொட்டிப் போட்ட தண்டவாளம் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே இருக்கும் அரை கிலோமீட்டருக்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது.

சைதாப்பேட்டையில் கூட்டம் ஏறியது. கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்த ஓர் இளம்பெண் கம்பியைப் பிடித்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு மூதாட்டி. எழுபதைத் தாண்டியவர். இடது கால் கொஞ்சம் இழுத்தது. கையில் பிளாஸ்டிக் உறை. ரேஷன் கார்டும் ஆதார் நகலும் ஒரு மனுவும் வெளியே தெரிந்தன. ஹெல்மெட்காரர் எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்கம்மா." அவர் உட்கார்ந்து, உறையை இரண்டு கையாலும் மடியோடு அணைத்துக்கொண்டார்.

வாதம் நிற்கவில்லை. இளைஞர் இப்போது நடைபாதைக்கு வந்திருந்தார். "நடைபாதை இருக்கே சார், அதுல நடக்கலாமே. ஏன் ரோட்டுல இறங்குறாங்க?"

வக்கீல் பெண் குனிந்து பேசினார். "நடைபாதை எங்க சார் இருக்கு? அதுல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, பைக் இருக்கு, கடை போர்டு இருக்கு. தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையோட சேர்ந்ததுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு."

அந்த வழக்கு நம் பக்கத்திலிருந்து போனது. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகள் தொடர்பாக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்தது. முறிந்த எலும்புகளை அறுவைக்கூடத்தில் சேர்த்துக்கொண்டே இருந்த ஒருவர், எலும்பு முறியும் இடத்துக்கே போய்க் கேள்வி கேட்டிருக்கிறார். நடப்போருக்கான நடைபாதை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று நீதிமன்றம் சொன்னது 2025 மே மாதத்தில். வழக்கு தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள்.

நடைபாதை இருந்தும் ஏன் இறங்குகிறார்கள் என்பதற்கு என் பதில் அந்த மூதாட்டியின் காலில் இருந்தது. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. ஒரு சாணுக்கும் குறைவு. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போகும் அகலம். எங்கள் பகுதியில் நடைபாதை முழங்காலை நோக்கி உயர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சரிந்து இறங்கி, மறுபடி ஏறுகிறது. நூறு அடிக்குள் ஆறு முறை ஏறி இறங்க வேண்டும். இழுக்கும் காலோடு அதைச் செய்ய முடியாது. சாலையில் நடப்பது அவர் செய்யும் மீறல் இல்லை. அவருக்கு விட்டுவைத்த ஒரே சமதளம் அதுதான்.

மாம்பலம். ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். மேலே, நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை. 2023இல் திறந்தது. லிஃப்ட் உண்டு, நகரும் படிகளும் உண்டு. பெரியவர் அதைக் காட்டினார். "பாருங்க, செய்றாங்க." செய்திருக்கிறார்கள்தான். 2019இல் பாண்டி பஜாரில் காருக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவருக்குக் கொடுத்ததும் இதே ஊர்தான். அதற்கு முன்பே, 2014இல், நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முதலிடம் என்று மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு அவர்களுக்கு என்று அதில் எழுதியது. எப்படிச் செய்வது என்று இந்த ஊருக்குத் தெரியும். அதனால்தான் செய்யாத தெருக்களைப் பார்க்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நுங்கம்பாக்கத்தில் ரயில் சற்று நின்றது. 2022இல் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்களில் 32,825 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் மாநிலத்துக்கு: 64,105. பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். உட்கார இடம் கிடைத்தவர்களை எண்ணினால் தொண்ணூறுக்குப் பக்கத்தில் வரும். டிபன் பாக்ஸைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண், தூங்கி வழிந்த காவலாளி, தலைமுடி ஈரம் காயாத கல்லூரிப் பையன். ஒரு நாளைக்கு இத்தனை பேர். மறுநாள் இன்னொரு பெட்டி.

வக்கீல் பெண் மூதாட்டியிடம் கேட்டார். "எங்கம்மா போறீங்க?"

"கலெக்டர் ஆபீஸு கண்ணு. மனு குடுக்கணும். முதியோர் பணம் நின்னுபோச்சு."

"பஸ்ல போலாமே? உங்களுக்கு டிக்கெட் கிடையாதே."

"பஸ்ஸுல துட்டு கேக்கமாட்டாங்க, தெரியும். ஸ்டாப்பு எதிர்ப்பக்கம்ல கீது. ரோட்டத் தாண்டணும். டேசன்னா வூட்டாண்டயே கீது. அதான் துட்டு குடுத்து டிக்கெட் வாங்கி இதுல வந்துட்டேன்."

யாரும் பேசவில்லை. பெரியவர் செய்தித்தாளை இன்னொரு முறை மடித்தார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலையில் வேலைக்குப் போகும் எத்தனையோ பெண்களின் கையில் அது மாதக் கடைசியில் சில நூறு ரூபாயாக மிஞ்சுகிறது, நல்ல திட்டம். அந்தப் பேருந்துக்கும் இந்த அம்மாவுக்கும் நடுவில் ஒரு சாலை இருக்கிறது. அதைத் தாண்ட முடியாததற்கு அவர் கட்டும் கட்டணம் ஒரு ரயில் டிக்கெட்.

"பீச்ல இறங்கினாலும் ரோட்டைத் தாண்டணுமேம்மா," என்றார் இளைஞர். முதல் முறையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அங்க கூட்டம் வரும் கண்ணு. கூட்டத்தோட போய்டுவேன்."

எழும்பூர், பூங்கா, கோட்டை. ஒவ்வொன்றிலும் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. பேச்சு திரும்பவில்லை. ஹெல்மெட்காரர் கோட்டையில் இறங்கும்போது மூதாட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கடற்கரை கடைசி நிலையம். பைக் வைத்திருப்பவரும் கார் வைத்திருப்பவரும் ஒன்றும் வைத்திருக்காதவரும் ஒரே நடைமேடையில் காலால்தான் நடந்தாக வேண்டும். வெளியே ராஜாஜி சாலை. பேருந்துகள், வேன்கள், ஆட்டோக்கள், இடைவெளியில் பைக்குகள். எதிர்ப்பக்கம் ஆட்சியர் அலுவலகம். நாங்கள் நாற்பது ஐம்பது பேர் சாலை விளிம்பில் தேங்கினோம்.

நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொண்டு சிக்னலின் நேரத்தைக் கணக்கிடுவார்கள். மூதாட்டி அதில் பாதிகூடப் போகமாட்டார். அவர் உறையை இடுக்கிக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, முன்னால் இருப்பவர்களின் முதுகைப் பார்த்து நின்றார். எப்போது அசைவார்கள் என்று.

கூட்டம் அசைந்தது. வக்கீல் பெண் அவர் பக்கத்தில் போனார். முதல் பாதி சரியாகப் போயிற்று. நடுத்திட்டைத் தாண்டியதும் வேகமாகப் போகிறவர்கள் எல்லாரும் முன்னே போய்விட, கூட்டம் மெலிந்து, இரண்டு பெண்களும் சாலையில் தனியாகத் தெரிந்தார்கள். வெள்ளைக் கார் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் ஏறிவிட்ட இளைஞர் திரும்பிப் பார்த்தார். கழுத்து அட்டை காற்றில் ஆட, இறங்கி ஓடிவந்து, காருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று, உள்ளங்கையை விரித்து உயர்த்தினார்.

கார் நின்றது. அவர் கையை இறக்கவில்லை. மூதாட்டி இழுக்கும் காலோடு ஒவ்வோர் அடியாக நடந்தார். நான் நடுத்திட்டிலிருந்து எண்ணினேன். பத்தொன்பது அடிகள். இருபதாவது அடியில் நடைபாதை. அது உயரமாக இருந்தது. வக்கீல் பெண் ஒரு கையையும், பெயர் தெரியாத வேறொருவர் இன்னொரு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.